மெழுகு வீடு

ஆவணி பிறந்துவிட்டால் மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் நம்மவர் வீடுகளில் இரண்டு பேச்சுதான். ஒன்று பிள்ளையார் சதுர்த்தி. மற்றொன்று, இந்த மாதம் யார் வீட்டில் கிரகப்பிரவேசம் என்பது. ஆனியிலும் ஆடியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டோம். ஆவணியை விட்டால் புரட்டாசி வந்துவிடும். அதுவும் ஆகாது என்பார்கள். ஆகவே பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போகிறவர்கள்கூட புரோக்கரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஆவணியில் ஒரு நல்ல நாளாகப் பார்த்துத்தான் சாவி வாங்குவார்கள். மழை விட்டிருக்காது, சுவரில் ஈரம் காய்ந்திருக்காது. ஆனாலும் பால் பொங்கியாக வேண்டும்.

அதே ஆவணியில், 23-ஆம் நாள் வாக்கில், செப்டம்பர் 8-ஆம் தேதி வருகிறது. அது தேவமாதாவின் பிறந்த நாள். நாகப்பட்டினம் அருகே வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடியேறிய திருவிழா நிறைவடையும் நாள். இங்கே மும்பையில் பாந்த்ரா மலை மேல் இருக்கும் மவுண்ட் மேரி கோயிலின் திருநாளும் அதுதான். அதற்கு அடுத்து வரும் ஞாயிறன்று தொடங்கி ஒரு வாரம் மலையைச் சுற்றிக் கடைகள் நிறைந்துவிடும். பாந்த்ரா ஸ்டேஷனிலிருந்து பெஸ்ட் நிறுவனம் கூடுதல் பஸ் விடும். பாந்த்ரா ஃபேர் என்று ஊர் முழுக்கச் சொல்வது இதைத்தான்.

நான் விபூதி பூசுகிறவன். ரயில்வேயில் மெக்கானிக்கல் பிரிவில் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். மாதா கோயில் திருவிழாவைப் பற்றி நான் எழுதுவது சிலருக்கு விநோதமாக இருக்கலாம். ஆனால் அந்தப் படிகளில் ஒரு தரம் ஏறிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மாராட்டியில் ஒருவர் வேண்டிக்கொண்டிருப்பார், அவருக்குப் பின்னால் குஜராத்தியில் இன்னொருவர். நாலு படி தள்ளி, "ஏலே, கையப் பிடிச்சுக்கோ" என்று சுத்தமான திருநெல்வேலித் தமிழ் கேட்கும்.

மலைக்குப் போகும் வழியெல்லாம் மெழுகுக் கடைகள். சாதாரண மெழுகுவர்த்தி மட்டும் அல்ல. கை, கால், கண், இருதயம் என்று உடம்பின் பாகங்கள் எல்லாம் மெழுகில் வார்த்து வைத்திருப்பார்கள். கால் வலிக்காரர் கால் வாங்குவார். பிள்ளை இல்லாதவர் குழந்தை பொம்மை வாங்குவார். வெளிநாட்டு வேலைக்கு அலைகிறவருக்கு விமானம் இருக்கிறது. நமது ஊர்க் கோயில்களில் உண்டியலில் போடும் வெள்ளிக் கண்மலர், மாரியம்மன் கோயிலில் வைக்கும் மண் பொம்மை, அய்யனாருக்கு நேர்ந்துகொள்ளும் மண் குதிரை, இவற்றின் சகோதரம்தான் இது. ஆனால் நம் ஊரில் நான் அதிகம் பார்க்காத ஒன்று இங்கே கடைக்குக் கடை அடுக்கி இருக்கும். அது வீடு. ஓட்டுக் கூரை, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். உள்ளங்கையில் அடங்கும் மெழுகு வீடு. இந்த நகரத்து மக்களுக்கு என்ன குறை என்று கமிஷன் போட்டு விசாரிக்க வேண்டியதில்லை, அந்தக் கடைகளைப் பார்த்தால் போதும்.

அந்த மாதாவே வீடு மாறியவள் என்பது பலருக்குத் தெரியாது. போர்த்துக்கீசியர் காலத்தில் இந்த மலையில் முதல் சிற்றாலயம் எழுந்தது. 1700-ஆம் ஆண்டு அராபியக் கொள்ளைக்காரர்கள் வந்து, சிலையின் கையில் மின்னியதைத் தங்கம் என்று எண்ணி வலது கையையே வெட்டிவிட்டார்கள் என்று ஒரு வரலாறு சொல்வார்கள். பிறகு 1739-இல் மராட்டியர் வசையைப் பிடித்தபோது பாந்த்ராவும் ஆட்டம் கண்டது. மலைக்கோயில் போயிற்று. சிலையைக் கழிமுகத்துக்கு இக்கரையில் மாஹிமில் உள்ள செயின்ட் மைக்கேல் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1761 வரை அது மாஹிமில்தான் இருந்தது என்று அந்தக் கோயிலின் வரலாறு கூறுகிறது. அதாவது 22 வருடம் அடுத்தவர் வீட்டில் குடியிருப்பு! பிறகுதான் மலைக்குத் திரும்பல். இன்று நாம் பார்க்கும் கல் கட்டடம் 1904-இல் முடிந்தது. 1954-இல் அதற்குப் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. நமது வேளாங்கண்ணிக்கு அந்தத் தகுதி வந்தது 1962-இல்.

மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே அந்தக் காலத்தில் படகுதான். ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வள்ளலின் மனைவி பெரும் பணம் கொடுத்து, 1845-இல் மாஹிம் காஸ்வே திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அந்த அம்மாளின் நிபந்தனை என்பார்கள். தாராவியிலிருந்து மலைக்கு நடந்தே போகிறவர்கள் இன்றும் அந்தப் பாதையில்தான் போகிறார்கள். அநேகம் பேர் செருப்பில்லாமல்.

நம்மவர்கள் இந்த மலைக்கு எப்படிப் பழகினார்கள் என்பதை நானாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். தாராவிக்கு முதலில் வந்த தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள். பாந்த்ராவில் இருந்த ஆட்டுத்தொட்டி 1971-இல் தேவ்னாருக்கு மாறும் வரை தோல் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆகவே பாந்த்ரா அவர்களுக்குப் பிழைப்புக்குப் போகும் வழி. செப்டம்பர் 8 என்றால் மனசெல்லாம் வேளாங்கண்ணியில் இருக்கும். ஆனால் அக்காலத்தில் இங்கிருந்து அங்கே போவதென்றால் தாதரில் மதராஸ் எக்ஸ்பிரஸ் பிடித்து, எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டிக்கு மாறி, நாகப்பட்டினத்தில் இறங்கி பஸ் ஏற வேண்டும். போக வர வழியிலேயே நாலைந்து நாள் போய்விடும். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் பாதை வந்ததே 2010-இல்தான். தினக்கூலிக்காரனுக்கு ஒரு வாரச் சம்பளம் போகும், டிக்கெட் செலவு வேறு. அதே மாதா, அதே நாள், பக்கத்தில் ஒரு மலை இருக்கிறது. ஏறிவிட்டார்கள்.

இனி என்னை இந்த மலைக்கு அழைத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் மாட்டுங்கா பணிமனையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாசலில் ஒருவர் இட்லி விற்பார். தாராவியிலிருந்து சைக்கிளில் அலுமினியத் தூக்கில் இட்லி, ஒரு வாளியில் சட்னி. காலை ஷிப்டு சங்கு ஊதுவதற்குள் தூக்கு காலியாகிவிடும். ஊர் தூத்துக்குடிப் பக்கம். மாவு அரைப்பது, அவிப்பது எல்லாம் அவர் மனைவி. அந்த அம்மாள் என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் வீடு பத்தடிக்குப் பன்னிரண்டு. அதில் ஒரு மூலையில் கல்லுரல் வைத்திருந்தார்கள், பிற்பாடு கிரைண்டர் வந்தது. கிரைண்டர் ஓடும்போது குழந்தைகள் வெளியே உட்கார்ந்து படிக்கும். மேலே தகரம், மழைக்குப் பிளாஸ்டிக். பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கும் அதுவே சுவர். அதில் ஒரு செங்கல்லை எடுத்து ஒரு துவாரம் வைத்திருந்தார்கள். தீப்பெட்டி, உப்பு, குழம்புக் கிண்ணம் எல்லாம் அதன் வழியே போக்குவரத்து. ராத்திரி யாருக்காவது காய்ச்சல் என்றால் அதன் வழியேதான் குரல்.

அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் ராதாபுரம் பக்கத்துக்காரர். இவர்கள் கிறிஸ்தவர்கள், அவர் இந்து. புருஷன் தோல் பட்டறையில் வேலை பார்த்துச் சிறு வயதிலேயே போய்விட்டார். அந்த அம்மாள் தோல் பை தைக்கும் பட்டறையில் நூல் நறுக்கி ஒரு பையனை வளர்த்தார்.

வருடா வருடம் செப்டம்பரில் இட்லிக்காரர் மனைவி மலைக்குப் போய் மெழுகு வீடு வைப்பார். ஒரு தரம் என் மனைவியும் கூடப் போக, நானும் போனேன். அப்போது எனக்கு இளமைத் திமிர் வேறு. "மெழுகு வீடு கொடுத்தால் சிமென்ட் வீடு வந்துவிடுமா அம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "நீங்க ஆபீசுல அப்ளிகேசன் குடுக்குதீக இல்லியா அண்ணாச்சி? குவார்ட்டர்ஸ் வருமா வராதான்னு கேட்டா குடுத்தீக?" என்றார். நான் அப்போது குவார்ட்டர்ஸ் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தேன். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்ளிகேஷன் என்றால், தாராவிக்காரர்களைப் போல அப்ளிகேஷனும் ஆதாரமும் சேர்த்து வைத்தவர்கள் யாரும் இல்லை. 1976-இல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் கொடுத்தது. அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். 1985-இல் ராஜீவ் காந்தி இந்த நகரத்துக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியபோது தாராவியில் பேச்செல்லாம் வீடுதான். சில கட்டடங்கள் எழுந்தன. பிறகு 1995-இல் குடிசை மறுவாழ்வுத் திட்டம் வந்தது. 1995 ஜனவரி 1-ஆம் தேதிக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்போருக்கு 225 சதுர அடி வீடு இலவசம். பத்து வருடம் விற்கக் கூடாது. இந்த 225 பிற்பாடு 269 ஆயிற்று, அப்புறம் 300 ஆயிற்று. இவையெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் எண்கள். கிரைண்டரும் நாலு பிள்ளைகளும் உள்ள வீட்டில் 44 சதுர அடி என்பது ஒரு கட்டில் போட்டுச் சுற்றி நடக்கும் இடம்.

இட்லிக்காரர் வீட்டாருக்குப் பட்டியலில் பெயர் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இல்லை.

ஏன் இல்லை என்றால், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இங்கே கலவரம் நடந்ததை நம் வாசகர்கள் பலர் நேரில் பார்த்தவர்கள். அந்த ஜனவரியில் தெற்கே போகும் வண்டிகளில் ஆள் ஏற இடமில்லை. நானே தாதர் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். ஜன்னல் வழியாகக் குழந்தைகளை உள்ளே கொடுத்தார்கள். அந்த அம்மாள் பையனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவர், ஊரில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்துகொள்ள, இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்பினார். வீடு பூட்டியே கிடந்தது. சாவி இட்லிக்காரர் வீட்டில். பட்டியலுக்குப் பெயர் எடுக்க வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்தார்கள், பெயரை அடித்துவிட்டார்கள். 1976 போட்டோ பாஸும் அவர் பெயரில் இல்லை, செத்துப்போன புருஷனின் அண்ணன் பெயரில் இருந்தது. எத்தனையோ பேரிடம் காகிதத்தை எடுத்துக்கொண்டு நடந்தோம். நானும் இரண்டு மனு எழுதிக் கொடுத்தேன். நடக்கவில்லை.

2001-இல் அந்த வரிசையை இடித்தார்கள். இட்லிக்காரர் குடும்பம் டிரான்சிட் கேம்ப்புக்குப் போயிற்று. தகரக் கொட்டகை, அங்கே நாலு வருடம். பக்கத்து வீட்டு அம்மாள் கும்பார்வாடா பக்கம் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார். தாராவியில் மாடி என்றால் என்ன என்று மாட்டுங்காவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். கீழ் வீட்டுக்காரர் கூரைக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து ஒரு பெட்டி போல அறை கட்டியிருப்பார். சந்திலிருந்து அதற்கு இரும்பு ஏணி. கிட்டத்தட்ட நேர் செங்குத்து. பிடித்துக்கொள்ள மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். நான் பாயிலர் மேலும் கோச்சுக் கூரை மேலும் ஏறி வேலை பார்த்தவன், எனக்கே அந்த ஏணியில் இறங்கும்போது கால் நடுங்கியது. அதில்தான் அந்த அம்மாள் குடம் தண்ணீரோடு ஏறுவார்.

2005 ஜூலை 26 மழையை யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். டிரான்சிட் கேம்ப்பில் இடுப்பளவு தண்ணீர். இட்லிக்காரரின் கிரைண்டர் மோட்டார் போயிற்று. அதற்கு மூன்று வாரம் கழித்து, ஆவணி பிறந்தவுடன், புதுக் கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் சாவி கொடுத்தார்கள்.

பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்தார். அது முடிந்ததும் அந்த அம்மாள் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலும் காய்ச்சினார். "இது எங்க சாதி சனம் எல்லாருக்கும் பொதுப் பழக்கம், சாமிக்குத் தெரியும்" என்று சிரித்தார். பால் பொங்கியது. எல்லாருக்கும் டம்ளரில் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் மாஹிம் கழிமுகம், காட்டுச் செடிகள், காற்று. எனக்கு மிகுந்த சந்தோஷம். அப்போதுதான் பார்த்தேன், அந்த அம்மாள் சமையல் மேடைக்குப் பக்கத்துச் சுவரைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். ஆறு அங்குலச் சுவர், நல்ல பூச்சு. அதற்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டேன். "பூட்டிக் கெடக்கு அண்ணாச்சி" என்றார்.

புது வீட்டில் காலூன்றுவது என்பது சாவி வாங்கிய அன்று முடிகிற காரியம் இல்லை என்பதை அந்தக் குடும்பத்தில்தான் பார்த்தேன். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். இட்லிக் கடைக்கு அரிசி உளுந்து களைந்து கொட்டும் தண்ணீரே எவ்வளவு ஆகும்! குளியலறையில் கிரைண்டரை வைத்தார்கள்; மேலே சத்தம் என்று ஒரு வீட்டார், கீழே ஒழுக்கு என்று இன்னொரு வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். லிப்ட் நின்றுவிட்டால் ஐந்து மாடி இட்லித் தூக்கைத் தோளில் வைத்து இறங்க வேண்டும். முன்பு விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால் சந்தில் யாராவது விழித்திருப்பார்கள், பேச்சுத் துணை இருக்கும். இங்கே எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். ஒரு வருடம் அந்த அம்மாளுக்குச் சரியாகத் தூக்கமில்லை, ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னார். பிறகு, கிரைண்டரைக் கீழே ஒரு பழைய சந்தில் வாடகை இடத்தில் வைத்தார்கள். தினமும் வேலைக்குப் போவதுபோல் இறங்கிப் போய் மாவரைத்துவிட்டு வருவார். அப்புறம்தான் முகம் தெளிந்தது.

அந்த 2005 செப்டம்பரில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து மலைக்குப் போனோம். நன்றி சொல்லப் பெரிய மெழுகுவர்த்தி வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். வர்த்தியும் வாங்கினார், கூடவே ஒரு மெழுகு வீடும் வாங்கினார். "வீடுதான் வந்துவிட்டதே, இது எதற்கு?" என்றேன்.

"எனக்குச் சாவி கெடச்சிட்டு. அவளுக்குக் கெடைக்கலயே அண்ணாச்சி. ஒரே சுவருல ஒரு பக்கத்தை மட்டும் மாதா குடுத்தா, அது எப்படி வீடாகும்?"

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த அம்மாள் வைக்கும் மெழுகு வீடு பக்கத்து வீட்டு அம்மாளுக்காகத்தான். 2020-லும் 2021-லும் கொரோனாவினால் திருவிழாக் கடைகள் இல்லை. அந்த இரண்டு வருடமும் வீட்டிலேயே மாதா படத்துக்கு முன்னால் வத்தி கொளுத்திவிட்டு, கடனாக எழுதி வைத்திருந்தார். 2022-இல் மூன்று வீடாக வாங்கி வைத்தார். கணக்கில் கறாரான குடும்பம்.

இதற்கிடையில் தகுதித் தேதியை 2000 ஜனவரி 1 என்று நீட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மாளின் பெயர் அதற்குள் பட்டியலில் ஏறியிருந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு உரிய குடிசைதான் 2001-இலேயே இடிந்துபோயிற்றே! பெயர் இருந்தபோது வீடு இல்லை, வீடு இருந்தபோது பெயர் இல்லை. இதை எந்தப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. டிராயிங் ஆபீசில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் நாங்கள் ஜாப் திரும்ப எடுத்துப் பார்ப்போம். மனிதர் விஷயத்தில் அப்படித் திரும்ப எடுத்துப் பார்ப்பார் இல்லை.

என் கதையும் ஒரு வரி உண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றால், சாதாரண வாடகையில் நாலு மாதம் வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் வாடகை ஏறும். நாலாவது மாதம் ஆடியில் முடிந்தது. என் மனைவி ஆவணி பிறக்காமல் நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கூடுதல் வாடகையைக் கட்டிவிட்டு, செம்பூரில் வாங்கிய சிறு பிளாட்டுக்கு ஆவணியில் குடிபோனோம். கேஸ் இணைப்பு வரவில்லை. மின்சார அடுப்பில் பால் வைத்தோம். அது பொங்குவேனா என்று அரை மணி நேரம் அடம் பிடித்தது. எதிர் வீட்டில் மங்களூர்க் குடும்பம். செப்டம்பர் 8 அன்று காலையில் அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். அவர்களுக்கு அன்று மோந்தி ஃபெஸ்ட். கோயிலில் மந்திரித்த புது நெற்கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து, மணியை உரித்துப் பொடித்துப் பாயசத்தில் சேர்த்து, வீட்டில் உள்ள எல்லாரும் பெரியவர் கையால் வாங்கிச் சாப்பிடுவார்கள். அன்று சாப்பாடு முழுக்கச் சைவம், காய்கறி வகைகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். தூர தேசத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தபாலில் நெல்மணி அனுப்புவதும் உண்டாம். புத்தரிசிப் பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாமல் இருக்கும் நமக்கு இது புரியாதா என்ன? அந்த ஒரு கிண்ணம் வந்த பிறகுதான் செம்பூர் வீடு எங்களுக்கு வீடாகத் தெரிந்தது. அதுவரை சாமான்கள் பாதி அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன.

தாராவியில் பிற்பாடு மறுபடியும் கணக்கெடுப்பு வந்தது. முழுத் தாராவியையும் மாற்றிக் கட்டும் திட்டத்துக்காக 2024-இல் வீடு வீடாக எண் எழுதத் தொடங்கினார்கள். 2000-க்கு முன்பிருந்து தரைத் தளத்தில் இருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி. மேல் மாடியில் குடியிருப்போருக்குத் தாராவிக்கு வெளியே, வாடகையாகக் கட்டிக்கொண்டே வந்து பிறகு சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில் வீடு என்று விதி. இரும்பு ஏணிக்கு மேலே அந்த அம்மாளின் கதவிலும் ஒரு எண் எழுதியிருக்கிறார்கள். வெளியே என்றால் எவ்வளவு தூரம் என்பதுதான் அவர் கேள்வி. வயது அறுபத்தெட்டு. பையன் தாராவியிலேயே தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். இட்லிக்காரர் காலமாகிவிட்டார், அவர் மனைவியும் இந்த அம்மாளும் மட்டும் தினமும் அந்த மாவரைக்கும் சந்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். அந்தச் சந்தும் போகப்போகிறது.

சென்ற செப்டம்பரில் பக்கத்து வீட்டு அம்மாள் முதல் முறையாகத் தானே மலைக்கு வந்தார். இத்தனை வருடம் அவருக்காக இன்னொருவர் வேண்டிக்கொண்டிருந்தார், அவர் மட்டும் வந்ததில்லை. கேட்டால், "எனக்காக நானே போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்பார். இந்தத் தடவை என்னவோ, வருகிறேன் என்றார். முழங்கால் வலி. படியில் நிதானமாக, இட்லிக்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மழை தூறிக்கொண்டிருந்தது. வழியில் கடலை மாவுக் குச்சியை வெல்லப்பாகில் புரட்டிய கோவா மிட்டாயை என் பேரன் கேட்டு அடம்பிடித்து வாங்கிக்கொண்டான்.

மெழுகுக் கடையில் நின்றோம். கடைக்காரப் பெண் அடுக்கடுக்காக எடுத்துக் காட்டினாள். இப்போது புது அச்சுகள் வந்திருக்கின்றன. ஓட்டு வீட்டோடு, உயரமான பல மாடிக் கட்டடமும் மெழுகில் இருக்கிறது, வரிசையாக ஜன்னல்கள். "டவர் லே லோ மாவ்ஷி, ஆஜ்கல் சப் யஹீ லேதே ஹைன்" என்றாள்.

அந்த அம்மாள் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரும்ப வைத்துவிட்டார்.

"இதுல ஏணி எங்க இருக்குன்னு தெரியலயே ஐயா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் வைத்த பழைய ஓட்டு வீட்டை எடுத்தார். இட்லிக்காரர் மனைவி பர்ஸைத் திறந்தார். "நீ சும்மா இரு, இந்த வருசம் நான் குடுக்கேன்" என்று அவர் கையைத் தட்டிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு வீட்டுக்குப் பணம் கொடுத்தார்.

இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மேலே போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், சுவரோடு சுவர் ஒட்டினாற்போல் வைத்தார்கள்.